ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் லிஸ்டில்

பள்ளி மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழியில் கிளாஸ் (ஒரு அச்சு மாதிரி), ஆப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்க்கும் ஒவ்வொன்றும்) சொல்லிக்கொடுக்கும்போது பலரும் தடுமாறும் இடம் இது: கிளாஸுக்குள் நேரடியாக மதிப்பெண்களுக்கு ஒரு காலி லிஸ்ட். முதல் ஆப்ஜெக்ட் வழியாக 78 என்று அப்பெண்ட் செய்தால், அதாவது லிஸ்டின் கடைசியில் சேர்த்தால், இரண்டாவதிலும் அதே 78 வந்து நிற்கும்.

வாயால் விளக்கினால் தலையாட்டுவார்கள், ஆனால் மனதில் நிற்காது. அதனால் ஒவ்வொன்றின் அடையாள எண்ணையும் தரும் ஐடி ஃபங்ஷனை வைத்து இரண்டு லிஸ்டின் எண்ணையும் பிரின்ட் செய்யச் சொன்னேன். ஒரே எண்! "அப்போ இருக்கிறதே ஒரு லிஸ்ட்தானா சார்?" என்றாள் ஒரு மாணவி. அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒவ்வொரு ஆப்ஜெக்ட் உருவாகும்போதும் ஓடும் இனிட் மெத்தடுக்குள் லிஸ்டை நகர்த்தி, அதன் பெயருக்கு முன்னால் அந்தந்த ஆப்ஜெக்டைக் குறிக்கும் செல்ஃப் சேர்த்து, மறுபடி ஓட்ட வைத்தேன். வேறு வேறு எண்கள். செல்ஃப் எதற்கு என்பதும் அதிலேயே விளங்கிவிட்டது. இப்போது இன்ஹெரிட்டன்ஸைத் (ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸை உருவாக்குவது) தொடும் முன்பே இந்தப் பிழையை வேண்டுமென்றே போர்டில் எழுதிப்போட்டு, கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.