பெண்கள் கபடி: 75 நிமிடப் பயிற்சியை எப்படி நடத்துவது?

கடலூர் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் பயிற்சிக்குக் கிடைப்பது சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரைதான். அதற்கு மேல் போனால் ஊருக்குப் போகும் டவுன் பஸ் போய்விடும். பஸ்ஸைத் தவறவிட்ட பெண்ணை மறுநாள் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஆகவே கையில் இருப்பது 75 நிமிடம். அதில் பாதியை வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பதே தின்றுவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 பேர், ஒரே கோர்ட், ஒவ்வொருவராக ரெய்டு, அதாவது பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போய்த் தொட்டுத் திரும்புவது. நடுவில் நீங்கள் பேசுவதையும் சேர்த்தால் ஒரு ரெய்டுக்கு ஒரு நிமிடம். இருபது நிமிடம் முடிந்தாலும் ஒருத்திக்கு ஒன்றோ இரண்டோ ரெய்டுதான் கிடைக்கும். அதே 14 பேரை நாலைந்து பேராக மூன்று குழு ஆக்குங்கள். கோர்ட்டின் இரு பாதியில் இரண்டு குழு, பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு மூன்றாவது குழு. ஒருத்தி ரெய்டு, மற்றவர்கள் பிடி. 20 நொடி ரெய்டு, 10 நொடி மாற்றம். 12 நிமிடத்தில் ஆளுக்கு ஐந்தாறு ரெய்டு வந்துவிடும். விசில் உங்களிடம் இருக்கட்டும், எண்ணிக்கையைக் குழுத் தலைவி சொல்லட்டும்.

கோடுகளை டேப் வைத்து அளந்து போடுங்கள். பெண்கள் கோர்ட் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். இரு பக்கமும் லாபி எனும் ஓரப் பட்டை ஒவ்வொரு மீட்டர், அதுவும் இந்த எட்டுக்குள் அடக்கம். நடுக்கோட்டிலிருந்து, ரெய்டர் தாண்ட வேண்டிய பாக் லைன் 3 மீட்டர், அங்கிருந்து கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு ஒரு மீட்டர். ஆண்கள் கோர்ட்டிலேயே பழகினால் பாக் லைன் 75 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். போட்டியில் கால் கணக்கு தப்புவது இதனால்தான்.

வார்ம் அப்புக்கு மைதானத்தை ஐந்து சுற்று ஓடவிடும் பழக்கத்தை விடுங்கள். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளைகள் அதிலேயே சோர்ந்துவிடுவார்கள். மைதானத்துக்கு வந்ததும் ஒரு பிடி வேர்க்கடலையோ ஒரு வாழைப்பழமோ கொடுத்துவிட்டு, வார்ம் அப்பின் 12 நிமிடத்தை முழங்காலுக்குச் செலவிடுங்கள். வளரும் வயதுப் பெண்களுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழியும் அபாயம் பையன்களைவிட அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதும் சட்டெனத் திரும்பும்போதும் கிழிகிறது. தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும் ரெய்டருக்கு அதுவேதான் வேலை. குதித்து இறங்கி இரண்டு நொடி அப்படியே நிற்கச் சொல்லுங்கள், ஆறு முறை, மூன்று செட். முன்னால் நின்று முட்டியை மட்டும் பாருங்கள். உள்ளே சாய்ந்தால் அந்த முறை கணக்கில் இல்லை. முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. விழுந்து எழவும், ரெய்டரை மோதி வெளியே தள்ளும் டேஷ் பழகவும் மணல் நல்லதுதான். ஆனால் திரும்பும் கால்வேகத்தை அங்கே பழக்காதீர்கள். தளர்ந்த மணலில் கால் ஊன்றாது.

கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்டுக்குப் பதினைந்து நிமிடம். முதலில் ரெய்டரை நிற்க வைத்தே பழக்குங்கள். ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர் பெண் இடுப்பை மட்டும் வளைத்துக் கை நீட்டினால் பிடி நழுவும். ரெய்டர் இழுத்த இழுப்பில் முகம் தரையில் போகும். முட்டியை மடக்கித் தாழ்ந்து, ஒரு அடி முன்வைத்து, இரண்டு கையும் கணுக்காலைச் சுற்றி, பிடித்த காலை நெஞ்சோடு சேர்க்க வேண்டும். விரல்களைக் கோத்துக்கொள்ளக் கூடாது, விரல் முறியும். தலை ரெய்டர் காலின் வெளிப்பக்கம். தலை முட்டிக்கு நேராக வந்தால் உடனே விசில் அடியுங்கள். இந்த ஒரு தவறுக்கு மட்டும் எல்லோரையும் நிறுத்தலாம். மற்றதையெல்லாம் அவளருகில் போய் ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

‘சத்தம் போடாதே’ என்று வீட்டில் கேட்டு வளர்ந்த குரலை வெளியே கொண்டுவரத் தனியாக வேலை செய்ய வேண்டும். ரெய்டர் பாடுவது நடுவருக்குத் தெளிவாகக் கேட்காவிட்டால் ரெய்டே போச்சு. எதிர்க் கோட்டில் நின்று, கேட்கவில்லை என்றால் கை தூக்குங்கள். கைகோத்துச் செயின் பிடித்து நிற்பவர்களும் ‘வலது’, ‘போனஸ்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

கடைசி இருபது நிமிடம் ஆட்டம், ஆனால் நிலைமையோடு: ‘18-20, மூன்று நிமிடம் பாக்கி, களத்தில் நீங்கள் மூவர்.’ ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்ற இறுதி ஆட்டம் 26-25, ஒரே புள்ளி வித்தியாசம்.

தோடு, கொலுசு, வளையல், ஹேர்பின் எல்லாம் கழற்றியாக வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும். ஆளுக்கொரு சின்ன டப்பா, மூடியில் பெயர். ஒரு தோடு தொலைந்தால் ஒரு பெண் ஆட்டத்தை விட்டே போய்விடுவாள். முதலுதவிப் பெட்டியில் நாப்கின் இருக்கட்டும். அதை வைத்திருப்பது டீச்சராகவோ மூத்த மாணவியாகவோ இருக்கட்டும், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் ஆடுவதா உட்காருவதா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். எடையை எல்லோர் முன்னாலும் பார்க்காதீர்கள். எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாதிப் பயிற்சியிலேயே தினமும் மூச்சு வாங்குபவளைச் சோம்பேறி என்று சொல்லுமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. பயிற்சி முடிந்ததும் டீக்குப் பதிலாக உப்புப் போட்ட மோர் கொடுங்கள். ஐந்தரைக்கு ஆட்டத்தை நிறுத்தினால்தான் தோட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்து எல்லோரையும் பஸ் ஏற்ற நேரம் இருக்கும்.