லாரி ஓட்டுநர் மெடிக்கல்: கண் சோதனைக்கு எப்படித் தயாராவது

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பவர் எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு (மெடிக்கல்) போக வேண்டிய லாரி ஓட்டுநர்கள் நிறையப் பேர் வருவார்கள். "அக்கா, நாளைக்கு மெடிக்கல், கண்ண கொஞ்சம் பாருங்க" என்பார்கள். நாளைக்கு என்றால் பவர் எழுதித் தரலாம், கண்ணாடி கைக்கு வராது. சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சீராக இல்லாததற்கான பவர்), புரோகிரசிவ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) என்று போனால் லென்ஸ் வரவே பல நாள் ஆகும். அதனால் கிளினிக்கில் தேதி வாங்குவதற்கு முன்பே, மூன்று வாரமாவது கையில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடி போட்டுப் படித்தாலும் தேர்ச்சிதான். "கண்ணாடி போட்டா ஃபெயில் பண்ணிருவாங்க" என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, அதைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் போனால்தான் எழுத்து தெரியாமல் முழிக்க வேண்டிவரும். கண்ணாடியோடு தேறினால் ஓட்டும்போதும் அதைப் போட வேண்டும், அவ்வளவே.

லைசென்ஸ் எடுக்கும்போது இங்கே பார்க்கும் அடிப்படை, நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்க முடிகிறதா என்பது. இதை வீட்டுக்குக் கீழேயே பார்த்துவிடலாம். கூரையில்லாத கார்ப்பார்க்கில் ஒரு லாட்டின் (ஒரு வண்டி நிறுத்தும் கட்டத்தின்) அகலம் சுமார் 2.4 மீட்டர். பத்து லாட் தள்ளி நின்றால் 24 மீட்டர், இன்னும் ஓர் எட்டு வைத்தால் கணக்கு சரி. பகலில் பாருங்கள், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஒரு கண் மங்கிப் பல மாதமாகியும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெடிக்கலில் மருத்துவர் சுவரில் சார்ட்டை வைத்து 6/6, 6/9, 6/12 என்று எழுதுவார். 6/12 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டரில் நின்றுதான் படிக்கிறீர்கள் என்று பொருள். வெற்று எடை 2,500 கிலோவுக்கு மேலான லாரிக்கு கிளாஸ் 4 லைசென்ஸ் வேண்டும். அந்த லாரி ஓட்டுகிறவர்களைக் கார் ஓட்டுபவரைவிடக் கொஞ்சம் கறாராகத்தான் பார்ப்பார்கள். கைப்பேசியில் தேடிவிட்டு "20/40 போதுமாமே" என்று வருகிறவர்களும் உண்டு. அது அமெரிக்காவின் அடிக் கணக்கு. நம் 6/12-ம் அதுவும் ஒன்றுதான். அங்கே மாநிலம் தாண்டி லாரி ஓட்ட ஒவ்வொரு கண்ணிலும் 20/40, பக்கவாட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் 70 டிகிரி பார்வை, சிவப்பு-பச்சை-மஞ்சள் அடையாளம் தெரிய வேண்டும். ஒரு கண்ணில் அந்த அளவு இல்லாதவர்களுக்கு 2022 மார்ச்சிலிருந்து அங்கே தனி வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டிப் பயனில்லை, இங்கே முடிவு சொல்வது உங்களைப் பார்க்கும் மருத்துவரும் போக்குவரத்துக் காவல்துறையும்.

சார்ட் முன்னால் நிற்கும்போது கண்ணை இடுக்காதீர்கள், கழுத்தை முன்னால் நீட்டாதீர்கள், விரல் சந்து வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். வரிசையில் நிற்கும்போதே முன்னால் நிற்பவர் சொல்வதை மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. வரியைக் கடைசி எழுத்திலிருந்து படிக்கச் சொன்னால் கதை முடிந்தது. ஆங்கில எழுத்தில் தடுமாற்றம் என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எண் சார்ட் உண்டு, முள்கரண்டி மாதிரி நாலு பக்கமும் திரும்பும் 'ஈ' சார்ட்டும் உண்டு, கையால் திசை காட்டினால் போதும். புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தில் தவறினாலும் பதறாதீர்கள், சிக்னல் விளக்கின் நிறங்களைப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதே ஓட்டுநருக்கு முக்கியம்.

அப்புறம் சர்க்கரை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீரை உறிஞ்சி உப்பும், பவர் மாறும். போன மாதம் தெளிவாகத் தெரிந்த சைன்போர்டு இந்த மாதம் கலங்கும். மருந்து ஆரம்பித்ததும் பவர் மறுபடி மாறும். அந்த நேரத்தில் அவசரப்பட்டுக் கண்ணாடி செய்தால் காசுதான் வீண். சர்க்கரை நிலைப்பட்டுச் சில வாரம் போகட்டும், பிறகு பவர் பார்க்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) விழித்திரைப் படத்தை விடாமல் எடுங்கள். விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கும்போது வலிக்காது, ஆரம்பத்தில் மங்கலும் தெரியாது. பெற்றோருக்குக் குளுகோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது பக்கவாட்டுப் பார்வையை முதலில் தின்னும், நடுவில் எல்லாம் நன்றாகவே தெரியும். இடப்பக்கம் வரும் மோட்டார்சைக்கிள்தான் காணாமல் போகும். கண்ணை விரிக்கச் சொட்டு மருந்து போடும் நாளில் லாரியில் வராதீர்கள், பல மணி நேரம் கூச்சமும் மங்கலும் இருக்கும். எம்ஆர்டி ரயிலில் வாருங்கள்.

இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு சோதனைக்குப் போவதும் வேண்டாம். காய்ந்துபோன கண்ணில் நல்ல பவரும் மங்கலாகவே தெரியும்.

கண்ணாடி வாங்கும்போது லாரி ஓட்டுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புரோகிரசிவ் லென்ஸில் ஓரம் கொஞ்சம் நெளியும். காரில் அதைச் சமாளிக்கலாம், இரண்டு பக்கமும் நீள மிர்ரரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் லாரியில் தொந்தரவு. கேபினிலிருந்து இறங்கும்போது லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் படியைப் பார்த்தால் கால் தடுமாறும், தலையைக் குனிந்து பாருங்கள். வெயிலில் கறுக்கும் லென்ஸ் கேபினுக்குள் சரியாகக் கறுக்காது, புற ஊதாக் கதிரை முன்கண்ணாடியே தடுத்துவிடும். போலரைஸ்டு கண்ணாடி (எதிரொளிக் கூச்சத்தைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் சில ரிவர்ஸ் கேமரா திரைகள் கறுப்பாகத் தெரியும், வாங்குமுன் உங்கள் வண்டியில் போட்டுப் பாருங்கள். இரவுக்கு என்று விற்கும் மஞ்சள் கண்ணாடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும். எதிர்வரும் விளக்கு ஊசியாகக் குத்தினால் கண்புரையா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய பவர் இன்னும் சரியாக இருந்தால் அந்தக் கண்ணாடியை வண்டியில் மாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டில் வேண்டாம், வெயிலில் பூச்சு வெடித்துவிடும். உறையில் போட்டு கதவுப் பக்கப் பையில் வையுங்கள்.