மாதிரி உரு செய்ய என்ன கருவி, எந்த ஒழுங்கில் வாங்குவது?

கடைக்குப் போக முன்னர் அளவுத்திட்டத்தை முடிவுசெய்யுங்கள். 1:50 இல், அதாவது நிஜத்தில் 50 இருப்பதை உருவில் 1 ஆகச் சுருக்கினால், 6 அங்குல சீமெந்துக்கல் சுவர் 3 மி.மீ. தடிப்பு, 2.1 மீற்றர் கதவு 42 மி.மீ. உயரம். 1:100 இல் அதே கதவு 21 மி.மீ. ஆகிவிடும், அரை மி.மீ. பிசகினாலே நிஜத்தில் 5 செ.மீ. வீடு, வள்ளம் செய்பவருக்கு 1:50 வசதி. குளக்கட்டு, துருசு (மதகு), வான் (மிகைநீர் வழியும் இடம்), வாய்க்கால் எல்லாவற்றையும் ஒரே பலகையில் காட்ட 1:100 கூடப் பெரிதுதான்.

ஆகவே முதற்காசு அளக்கிற சாமானுக்கு: 30 செ.மீ. இரும்பு அடிமட்டம், சின்ன மூலைமட்டம், முடிந்தால் தடிப்பை நுணுக்கமாக அளக்கும் வேர்னியர் ஒன்று. பிளாஸ்ரிக் அடிமட்டத்தின் விளிம்பைக் கத்தி சீவிவிடும். அதற்குப் பிறகு எந்தக் கோடும் நேராக வராது.

அடுத்தது கத்தி. மருந்துக்கடையில் கேட்கக்கூடிய சத்திரசிகிச்சைக் கத்தியில் 3 ஆம் இலக்கப் பிடியும் 11 ஆம் இலக்க அலகும் மூலை, யன்னல் வெட்டத் தோதானவை. நீண்ட வெட்டுக்கு 9 மி.மீ. உடைத்தெடுக்கும் அலகுக் கத்தி. 3 மி.மீ. பி.வி.சி. ஃபோம் பலகையை நாலைந்து தரம் மெதுவாக இழுத்து வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் அலகு சாயும், அடிவிளிம்பு சரிந்து மூலைகள் பொருந்தாது. வெட்டுவாய் பிய்ந்து வந்தால் பலகையில் பிழையில்லை, அலகு மழுங்கிவிட்டது. ரெஜிஃபோமுக்கு (பொதி செய்யப் பாவிக்கும் வெள்ளை மணி ஃபோம்) புது அலகைப் படுக்கையாகச் சரித்து இழுக்க வேண்டும். நிமிர்த்தி இழுத்தால் மணி மணியாக உதிரும். அதை ஒட்ட வெள்ளை மரப்பசைதான். சூப்பர் குளூவும் ஸ்பிரே பெயின்ரும் அதைக் கரைத்துவிடும்.

வளைவு வெட்டுவதற்கு நகை செய்யும் பத்தர்மார் பாவிக்கிற கம்பி வாளுக்கு நிகரில்லை. அலகின் பற்கள் பிடியை நோக்கி இருக்கவேண்டும், கீழே இழுக்கும்போதுதான் அது வெட்டும். சுண்டினால் கிண்ணென்று கேட்கும் அளவுக்கு இறுக்குங்கள். தளர்ந்த அலகு வளைந்து முறியும். தகட்டின் தடிப்புக்குள் குறைந்தது மூன்று பற்கள் அடங்கவேண்டும், இல்லாவிட்டால் கொழுவிக்கொள்ளும். பித்தளைத் தகட்டுக்கு 2/0 இலக்க அலகு நல்லது. மரத்துக்கு அதைவிடப் பரும்பல். மரம் என்றால் முள்முருக்கு போல மெதுவானதை எடுங்கள். முதிரையும் பாலையும் பார்க்க அழகு, ஆனால் அலகு தின்னும்.

துளைக்க விரலால் சுழற்றும் சின்னத் துறப்பணம் ஒன்று, 0.5 இலிருந்து 2 மி.மீ. வரை அலகுகளோடு. வீட்டு மின்துறப்பணத்தின் வாய் மெல்லிய அலகைச் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் அதன் பாரத்திலேயே அலகு முறியும்.

மோட்டார் கருவி கடைசியில்தான். அதிலும் ஒன்றே போதும்: வேகம் மாற்றக்கூடிய சிறிய சுழல் கருவி. பெட்டியில் உச்சவேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது ஆகக்குறைந்த வேகம். நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு இறங்காவிட்டால் பிளாஸ்ரிக் உருகி, அலகில் ஒட்டி இறுகும். 3.2 மி.மீ., 2.4 மி.மீ. தண்டுகளைப் பிடிக்கும் வாய்கள் கூட வருகிறதா என்றும் பாருங்கள். வெட்டும் தட்டைப் பக்கவாட்டில் சரித்தால் வெடித்துப் பறக்கும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவே வேண்டாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் பற்றரியில் ஓடுவது உத்தமம். மேசை வாள் எல்லாம் ஒரே துண்டை நூற்றுக்கணக்கில் வெட்டுபவருக்கு.

சோளகம் அடிக்கும் மாதங்களில் வெளியே பெயின்ற் அடிக்காதீர்கள், செம்புழுதி அப்படியே பதியும். மாரியில் அலகுகளையும் அரங்களையும் எண்ணெய்த் துணியில் சுற்றி மூடிய ரின்னில் வையுங்கள். பிளாஸ்ரிக் தேய்க்கும் அரத்தால் இரும்பைத் தேய்க்கக் கூடாது. பல்லிடுக்கு அடைத்தால் பித்தளைத் தூரிகையால் பல்லின் போக்கிலேயே தேயுங்கள். நெருப்பில் காட்டினால் அரத்தின் பதம் போய்விடும்.