புது சிப் பாஸ் கைக்கு வந்ததும் பழையதைக் கிழித்துப் போடாதீர்கள்

காகித டிக்கெட்டும் காந்தப் பட்டை கார்டும் தீம் பார்க்குகளில் மெல்ல மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் இடத்தில் சிப் வைத்த கார்டு, கைப்பட்டை, மொபைல் பாஸ் எல்லாம் வந்துவிட்டன. புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 2013-லேயே மேஜிக் பேண்ட் என்ற கைப்பட்டையைக் கொண்டுவந்தது. மாறுவது பெரிய வேலை இல்லை. ஆனாலும் மாறுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான்.

கையில் இருக்கும் கார்டுதான் டிக்கெட் என்று நினைப்பதுதான் இதற்கெல்லாம் வேர். சிப்புக்குள் இருப்பது பொதுவாக ஓர் அடையாள எண் மட்டுமே. அது யாருடையது, இன்னும் எத்தனை நாள் பாக்கி, இன்றைக்கு உள்ளே விடலாமா என்பதெல்லாம் பார்க்கின் கணினியில், உங்கள் கணக்கில் இருக்கும். கேட்டில் கார்டைக் காட்டியதும் ரீடர் அந்த எண்ணைப் படித்து கணினியிடம் கேட்கும், அவ்வளவுதான். எனவே புது கார்டு கைக்கு வந்துவிட்டது என்பதற்காகப் பழைய டிக்கெட்டின் உரிமையும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அதனால்தான் முதல் வேலையாகப் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். ஆப்பைத் திறந்து, முடியும் தேதி, மிச்ச நாட்கள், பார்க்கிங் போன்ற சலுகைகள் எல்லாம் புது கணக்கில் சரியாக வந்திருக்கின்றனவா என்று வரிக்கு வரி பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் கவுன்டரில் கேட்பார்கள், "பழைய டிக்கெட் எண் என்ன?" என்று. மாற்றக் கொடுக்கும் முன்பே அதன் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைப்பது நல்லது. அந்தப் படத்தை மட்டும் சமூக வலைத்தளத்தில் போட்டுவிடாதீர்கள். பார்கோடு தெரிந்தால் அதை வேறு யாராவது பயன்படுத்திப் பார்க்க முடியும்.

அடுத்த தவறு கணக்கு சம்பந்தப்பட்டது. டிக்கெட்டை ஒரு மின்னஞ்சலில் வாங்கியிருப்பார்கள், ஆப்பில் வேறொரு மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு, ஒன்றில் பாஸ், இன்னொன்று காலி. கேட்டில் நிற்கும்போது காலிக் கணக்கு திறந்தால் யாருக்குத்தான் பதற்றம் வராது? குடும்பத்துக்கே ஒருவர் வாங்கினாலும், ஒவ்வொரு பாஸையும் அதற்குரியவர் பெயரில், அவருடைய அடையாள அட்டையில் இருக்கும் எழுத்துக்கூட்டலிலேயே இணைக்க வேண்டும். "எல்லாம் நம்ம வீட்டு ஆட்கள்தானே" என்று கைப்பட்டைகளை மாற்றிக் கட்டிக்கொள்வதும் வம்பு. டிஸ்னி வேர்ல்டில் விரலையும் ஸ்கேன் செய்கிறார்கள். விரலின் படத்தை ஒரு எண் மதிப்பாக மாற்றி, அதை டிக்கெட்டோடு சேர்த்துவிடுவார்கள். அப்பாவின் பட்டையை மகன் கட்டிவந்தால் அங்கே மாட்டிக்கொள்வார். பல பார்க்குகள் இதையே புகைப்படத்தை வைத்துச் செய்கின்றன.

கார்டைப் பற்றிய பயங்கள் தனிக் கதை. காந்தத்தின் பக்கத்தில் வைத்தால் அழிந்துவிடும் என்பது பழைய காந்தப் பட்டைக்குப் பொருந்தும், சிப்புக்குப் பொருந்தாது. சிப் கார்டுக்கு உண்மையான எதிரி ஓட்டை போடும் கருவிதான்! கழுத்தில் மாட்ட வசதியாக இருக்குமே என்று மூலையில் துளை போடுவார்கள். பெரும்பாலான கார்டுகளில் ஓரத்தை ஒட்டியே மெல்லிய ஆன்டெனாக் கம்பி சுற்றி ஓடும். அது அறுந்தால் கார்டு வெறும் பிளாஸ்டிக் துண்டு. ஏற்கெனவே துளையோடு கொடுத்தால் சரி, இல்லையென்றால் உறையில் போட்டு மாட்டுங்கள். நாலைந்து சிப் கார்டுகள் அடுக்கிய பர்ஸை அப்படியே ரீடரில் வைத்தாலும் எதைப் படிப்பது என்று அது குழம்பும். தனியாக எடுத்துக் காட்டுங்கள்.

பேட்டரி தீர்ந்துவிட்டால் உள்ளே விடமாட்டார்களோ என்ற கேள்வியும் உண்டு. தட்டிப் படிக்கும் சிப்புக்குப் பேட்டரியே தேவையில்லை. தனக்கு வேண்டிய மின்சாரத்தை ரீடரின் அலையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மேஜிக் பேண்டில் பேட்டரி இருந்ததுகூட தூரத்திலிருந்து அடையாளம் காணும் இன்னொரு பகுதிக்காகத்தான். ஆனால் மொபைல் பாஸ் விஷயம் வேறு. போன் அணைந்தால் பாஸும் இல்லை. சில ஆப்களில் க்யூஆர் கோடு சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், அங்கே நேற்று எடுத்த ஸ்க்ரீன்ஷாட் வேலைக்கு ஆகாது.

மாற்றும் நேரமும் முக்கியம். விடுமுறை நாள் காலையில், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு இதைத் தொடங்காதீர்கள். முடிந்தவரை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்; கவுன்டருக்குப் போயே ஆக வேண்டுமென்றால் மதியத்துக்கு மேல் போங்கள். நாள் டிக்கெட்டை வருடாந்திர பாஸாக உயர்த்த நினைப்பவர்கள், அதற்கான கடைசி நேரம் எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். டிக்கெட் காலாவதியான பிறகு விலை வித்தியாசத்தை மட்டும் கட்டி மாறலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அப்புறம், கார்டு தொலைந்தால் வருத்தப்பட்டுக்கொண்டே தேடி அலைய வேண்டாம். ஆப்பிலோ விருந்தினர் சேவை கவுன்டரிலோ சொன்னால் அந்த எண்ணை முடக்கிவிட்டு, உங்கள் கணக்கை வேறொரு கார்டோடு இணைத்துக் கொடுப்பார்கள். கார்டில் கிரெடிட் கார்டையும் இணைத்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள்.