வீட்டு வளவில் அரிய பறவைகளைக் கண்டறிதல்

யாழ்ப்பாணத்து வளவொன்றில் அரிய பறவையைக் கண்டறிய விரும்புபவர், நாள்தோறும் வருபவற்றை முதலில் நன்கு பழகிக்கொள்ள வேண்டும். புலுனி (தவிட்டுக்குருவி), கொண்டைக்குருவி, மைனா, செண்பகம் ஆகியவற்றின் குரலும் நடையும் பழகிவிட்டால், அவற்றிற் சேராத ஒன்று வேலியில் வந்திருந்த உடனேயே கண்ணிற் படும். மாங்குயிலைக் கண்டால் தலையைக் கவனியுங்கள். வளர்ந்த பறவையின் தலை முழுவதும் கறுப்பாயின் அது நம் ஊரில் வாழ்வது. தலையும் மஞ்சளாக இருந்து, கண்ணை ஒட்டி மட்டும் கரிய பட்டை ஓடினால், அது இந்தியாவிலிருந்து எப்போதாவது வரும் விருந்தாளி.

ஐப்பசி முதல் பங்குனி வரையான வலசைக்காலமே இதற்கு மிக ஏற்றது. அப்போது வரும் ஆறுமணிக் குருவியை நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். பச்சை முதுகு, தோளில் நீலம், அடிவயிற்றிற் சிவப்பு, மிகக் குட்டையான வால் என இத்தனை அடையாளங்கள் இருந்தும், சருகுகளுக்கிடையே அசையாது நிற்கையில் அது எளிதில் தென்படாது. விடியும் வேளையிலும் மைமற் பொழுதிலும் அது எழுப்பும் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்டு இடத்தைக் குறித்துக்கொண்டு, சற்றுத் தள்ளி அசையாமல் அமர்ந்திருந்தால், அது சருகைப் புரட்டிப் புழுப்பூச்சி தேடுவதைக் காணலாம். ஆகவே கோடிப்புறத்தில் வாழைக்கும் வேலிக்கும் இடையே ஒரு மூலையையாவது கூட்டாமலும் கொளுத்தாமலும் விட்டுவிடுங்கள். முழு வளவையும் துப்புரவாகக் கூட்டும் நம் வழக்கம் இப்பறவையின் உணவையே அள்ளிச் சென்றுவிடுகிறது. கடல் கடந்து களைத்து வரும் இக்குருவி சில வேளை வீட்டுக்குள் புகுந்தோ கண்ணாடியில் மோதியோ விழுவதுண்டு. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்தபின் மரநிழலில் விடுவது நல்லது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நீண்ட வெள்ளை வாலுடன் மாமரத்தில் அரசவால் ஈப்பிடிப்பான் தென்பட்டால், அது வலசை வந்ததே. இலங்கையில் நிலையாக வாழும் அதன் துணையினத்தின் ஆண்கள் வெண்ணிறம் பெறுவதில்லை.

கிணற்றடியில் இரண்டு விரல் ஆழத்துக்கு நீர் நிரப்பிய அகன்ற மண்சட்டியை, பூனை பதுங்க இடமில்லாத வெளியில் வையுங்கள். புலுனிக் கூட்டம் ஒரு மரத்தைச் சூழ்ந்து விடாமற் கத்தினால் உடனே சென்று பாருங்கள். பாம்பாக இருக்கலாம், பகலில் ஒதுங்கிய நத்தாகவும் (ஆந்தை வகை) இருக்கலாம். கண்டதை நாள், நேரம், மரம், படம் ஆகியவற்றுடன் இபேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவு இணையத் தளத்தில் அன்றே பதிந்துவிடுங்கள்.