ஒரு நாட்டின் சமூகநலக் கொள்கையை, விடுபடும் குழந்தையின் இடத்திலிருந்து ஆராய்வது எப்படி?

சமூகநலக் கொள்கை ஒன்றை ஆராய முற்படுபவர் பெரும்பாலும் அதன் நோக்கவுரையை முதலில் படித்து, எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்ற எண்ணிக்கையை அடுத்துத் தேடுகிறார். இந்த வரிசையில் சென்றால் அரசு காட்ட விரும்பியது மட்டுமே கண்ணில் படும். குழந்தைகளைப் பற்றிய ஆய்வில் இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தக் குழந்தை இந்தக் கொள்கையிலிருந்து விடுபடக்கூடும், அது எந்த விதியால் விடுபடுகிறது என்ற கேள்வியே முதலில் எழுத வேண்டியது.

அதற்கு, 'நலிந்த குழந்தைகள்' என்ற பொதுச்சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளரும் குழந்தை, காப்பகத்தில் இருக்கும் குழந்தை, மாற்றுத்திறன் கொண்ட குழந்தை, பிறப்பே பதிவாகாத குழந்தை, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பத்தின் குழந்தை, அகதிக் குழந்தை ஆகியோரின் நிலைமைகள் ஒன்றல்ல. ஒருவருக்குக் கதவைத் திறக்கும் விதி இன்னொருவருக்கு அதே கதவை அடைத்துவிடலாம். ஆகவே நீங்கள் ஆராயும் கொள்கைக்குப் பொருத்தமான மூன்று அல்லது நான்கு நிலைமைகளைத் தேர்ந்து, இறுதிவரை அவற்றைக் கைவிடாமல் தொடருங்கள். எதை அளவுகோலாகக் கொள்வது என்ற குழப்பம் எழுந்தால், 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை துணைநிற்கும். பாகுபாடின்மையைச் சொல்லும் 2ஆம் பிரிவு, குழந்தையின் நலனை முதன்மையாகக் கருதச் சொல்லும் 3ஆம் பிரிவு, உயிர்வாழ்வையும் வளர்ச்சியையும் பேசும் 6ஆம் பிரிவு, குழந்தையின் கருத்துக்குச் செவிசாய்க்கச் சொல்லும் 12ஆம் பிரிவு ஆகிய நான்கையும் நேரடியாகக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது சட்டவாசகம். சட்டத்தோடு நின்றுவிடாமல், அதன்கீழ் வந்த விதிகள், சுற்றறிக்கைகள், கடைசியாக விண்ணப்பப் படிவம் வரை படிக்க வேண்டும். ஒரு குழந்தையின் விதியைப் பல நேரங்களில் தீர்மானிப்பது அந்தப் படிவத்தில் கேட்கப்படும் சான்றிதழ்தான். தென்னாப்பிரிக்கா 1998இல் தொடங்கிய குழந்தை ஆதரவு உதவித்தொகை இதைக் கற்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு முன் இருந்த பராமரிப்பு உதவித்தொகை நடைமுறையில் கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோரைச் சென்றடையவில்லை. புதிய திட்டம், பெற்றவர் யார் என்று பாராமல், குழந்தையை நாள்தோறும் கவனித்துக்கொள்பவர் யாரோ அவருக்கே பணம் என்று வரையறுத்தது. அந்த ஒரு வரையறையால் பாட்டியிடமும் சித்தியிடமும் வளர்ந்த குழந்தைகள் உள்ளே வந்தார்கள். ஆனால் அதே திட்டம் தொடக்கத்தில் 7 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டுமே இருந்தது. 18 வயது வரம்பை எட்டியது பின்னர் படிப்படியாகத்தான். குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் பராமரிப்பவரின் அடையாள ஆவணமும் வேண்டும் என்ற நிபந்தனை, மிகுந்த தேவையில் இருந்த, ஆவணங்களற்ற குடும்பங்களையே தடுத்தது. வரையறை சேர்த்த குழந்தையை ஆவணம் வெளியேற்றுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இங்கிருந்து பெறலாம்.

விதிவிலக்குகளையும் இதே கூர்மையோடு படியுங்கள். பிரிட்டன் கொண்டுவந்த இரு குழந்தை வரம்பு, 2017 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த மூன்றாவது குழந்தைக்கும் அதற்கடுத்த குழந்தைகளுக்கும், வருமானத்தைப் பொறுத்து வழங்கப்படும் உதவித்தொகையில் குழந்தைக்குரிய பங்கை மறுத்தது. உதவித்தொகை பெறும் குடும்பங்களும், எத்தனை குழந்தைகளை வளர்க்கத் தங்களால் இயலும் என்று உழைத்து வாழும் குடும்பங்கள் எதிர்கொள்ளும் அதே பொருளாதாரத் தெரிவை எதிர்கொள்ள வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். இந்த வாதத்தை ஆராய்பவர் இரண்டைக் கவனிக்க வேண்டும். தெரிவு பெற்றோருடையது, ஆனால் தான் எத்தனையாவதாகப் பிறப்பது என்பதைத் தெரிவு செய்யாத குழந்தைதான் அதன் விளைவைச் சுமக்கிறது. வீட்டில் அடுப்பு ஒன்றாக இருப்பதால், குறைந்த பணம் மூத்த இரு குழந்தைகளின் தட்டிலும் குறைகிறது. மற்றொன்று, வன்புணர்வால் கருவுற்ற பெண்ணுக்கு விதிவிலக்கு இருந்தது. ஆனால் அதைப் பெற அவர் அந்தக் கொடுமையை ஒரு மூன்றாம் நபரிடம் வெளிப்படுத்த வேண்டியிருந்தது, குற்றமிழைத்தவரோடு ஒரே வீட்டில் வாழவும் கூடாது. ஏட்டில் உள்ள விதிவிலக்கைக் கேட்டுப் பெற ஒருவர் எதை இழக்க வேண்டியிருக்கிறது என்பதை உங்கள் ஆய்வு கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

நிதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த ஒதுக்கீட்டையும், திருத்திய மதிப்பீட்டையும், தணிக்கைக்குப் பின் தெரியும் உண்மைச் செலவையும் அருகருகே வையுங்கள். பணவீக்கத்தைக் கழித்து, ஒரு குழந்தைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். தொகை உயராமலே பல ஆண்டுகள் நீடிக்கும் உதவி, எந்த அறிவிப்பும் இல்லாமல் குறைந்துகொண்டே வருகிறது.

எண்ணிக்கைகளில்தான் ஆய்வுகள் அதிகம் தடுமாறுகின்றன. பத்து லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்ற செய்தி, தகுதியுள்ளவர்கள் எத்தனை லட்சம் என்று தெரியாதவரை ஒன்றையும் சொல்வதில்லை. தகுதியுள்ளவர்களையும் தாண்டி, தகுதி வரம்புக்கே வெளியே நிறுத்தப்பட்ட தேவையுள்ள குழந்தைகளையும் கணக்கில் கொள்ளுங்கள். வீடுவீடாக எடுக்கப்படும் கணக்கெடுப்பில் காப்பகக் குழந்தைகளும் தெருவில் வாழும் குழந்தைகளும் இடம்பெறுவதில்லை என்பதால், மிக நலிந்தவர்கள் தரவிலேயே இருக்க மாட்டார்கள். அந்த வெற்றிடத்தை அறிக்கையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, காப்பகப் பதிவேடுகள், பள்ளி வருகைப் பதிவு, மருத்துவமனைத் தரவு போன்றவற்றால் இயன்றவரை நிரப்ப முயலுங்கள்.

விளைவு உண்மையில் இந்தக் கொள்கையால்தான் வந்ததா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கா 2021இல் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை விரிவாக்கி, 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர் வரையிலும், 6 முதல் 17 வயதினருக்கு 3,000 டாலர் வரையிலும் வழங்கியது. வருமானமே இல்லாத குடும்பங்களுக்கும் முழுத்தொகை கிடைக்கும்படி விதியை மாற்றியது. அரசு உதவிகளையும் வரிச்சலுகைகளையும் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடும் அந்நாட்டின் துணை வறுமை அளவீட்டின்படி குழந்தை வறுமை 2020இல் 9.7 சதவீதமாக இருந்தது, 2021இல் 5.2 ஆகக் குறைந்தது, விரிவாக்கம் முடிந்தபின் 2022இல் 12.4 ஆக ஏறியது. இது வலுவான சான்று. ஆயினும் 2021இல் பெருந்தொற்றுக்கால நேரடி உதவித்தொகைகளும் வழங்கப்பட்டன என்பதால், முழு வீழ்ச்சியையும் வரிச்சலுகையின் கணக்கில் எழுதுவது நேர்மையல்ல. வரிப்படிவமே தாக்கல் செய்யாத மிக ஏழைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்தப் பணம் சென்று சேரவில்லை என்பதையும் சராசரி மறைத்துவிடும்.

ஒப்பிடத்தக்க மற்றொரு குழு இருந்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். ஏழைக் குடும்பங்களுக்குப் பணவுதவி அளிக்கும் மெக்சிகோவின் புரோகிரேசா திட்டம் 1997இல் தொடங்கியபோது, மதிப்பீட்டுக்கென எடுத்த 506 சிற்றூர்களில் 320 முதலில் உதவி பெறவும், 186 பின்னர் பெறவும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. அதனால் தாய்மாரின் கையில் கொடுத்த பணம் எந்த வயதில் பள்ளிச் சேர்க்கையை உயர்த்தியது என்று தெளிவாகக் காண முடிந்தது. ஏற்கெனவே ஏறக்குறைய எல்லோரும் சேர்ந்திருந்த தொடக்கப்பள்ளியில் மாற்றம் சிறிது; குழந்தைகள் நின்றுவிடும் இடமான இடைநிலைப் பள்ளி நுழைவில் அது பெரிது. இத்தகைய குலுக்கல் பெரும்பாலும் உங்களுக்கு வாய்க்காது. அப்போது வயது வரம்புக்குச் சற்று உள்ளும் புறமும் உள்ள குழந்தைகளையோ, திட்டம் முந்தியும் பிந்தியும் நடைமுறைக்கு வந்த மாவட்டங்களையோ ஒப்பிடலாம்.

குழந்தைகளிடமே பேசாமல் இந்த ஆய்வு முழுமையடையாது. பராமரிப்பவரின் ஒப்புதலோடு குழந்தையின் சம்மதத்தையும் தனியே பெறுங்கள். வேண்டாம் என்று அது எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுங்கள். நேர்ந்த கொடுமையைத் திரும்பச் சொல்லும்படி கேட்காமல், உதவி பெற எங்கெங்கே அலைந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், பணம் எதற்குப் பயன்பட்டது என்று கேளுங்கள். சிறிய ஊரில் ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் பொருந்தும் விவரத்தை, பெயரை நீக்கினாலும் வெளியிடாதீர்கள்.

பரிந்துரைகளை எழுதும்போது, 'விழிப்புணர்வு தேவை' போன்ற வரிகளைத் தவிர்த்து, எந்த விதியின் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கா அமைச்சகத்துக்கா வட்டார அலுவலருக்கா, அதற்கு எவ்வளவு செலவாகும், தொடக்கத்தில் நீங்கள் தேர்ந்த குழந்தைகளில் யார் அதனால் உள்ளே வருவார்கள், யார் இன்னும் வெளியே நிற்பார்கள் என்று குறிப்பிடுங்கள். வரைவு முடிந்ததும், உங்களிடம் பேசிய குழந்தைகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அதை வாசித்துக் காட்டி, அவர்கள் தவறென்று சொல்லும் இடங்களைத் திருத்திய பிறகே அறிக்கையை அதிகாரிகளின் கையில் கொடுங்கள்.