கூட்டணி அரசின் வெளியுறவு முடிவைக் கணிக்க வேண்டுமா? முதலில் எம்.பி.க்களை எண்ணுங்கள்

ஐ.நா.வில் இந்தியா எப்படி வாக்களிக்கும், பக்கத்து நாட்டோடு ஒப்பந்தம் கையெழுத்தாகுமா என்றெல்லாம் கணிக்க வெளியுறவு அமைச்சக அறிக்கைகளைக் கரைத்துக் குடித்துப் பிரயோஜனமில்லை. கூட்டணி ஆட்சி என்றால், மக்களவையில் எந்தக் கட்சிக்கு எத்தனை பேர் என்ற பட்டியலோடு உட்காருங்கள்.

முதல் கேள்வி, இந்த விஷயம் ஓட்டெடுப்புக்கு வருமா? நம் நாட்டில் ஒப்பந்தம் போடுவது மத்திய அமைச்சரவையின் அதிகாரம், நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதனால் கோபித்துக்கொண்ட கூட்டணிக் கட்சியால் ஒப்பந்தத்தைத் தோற்கடிக்க முடியாது, ஆட்சியைக் கவிழ்க்கத்தான் பார்க்கலாம். பெரிய ஆயுதம்தான், ஆனால் ஒரு தடவைதான் வெடிக்கும். நிலத்தை விட்டுக்கொடுப்பது விதிவிலக்கு. வங்கதேசத்தோடு எல்லை நிலங்களை மாற்றிக்கொள்ள 2011-ல் டாக்காவில் கையெழுத்துப் போட்டார்கள், ஆனால் அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பதால் 2015 வரை இழுத்தது.

அடுத்து, அறைக்குள் யார்? பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவில் பிரதமர், உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு என ஐந்து நாற்காலிகள். ஜெர்மனியில் வெளியுறவைக் கூட்டணியின் சின்னக் கட்சிக்கே கொடுத்துவிடுவது 2025 வரை நீண்ட கால வழக்கமாக இருந்தது. சின்னக் கட்சிக்காரரான கென்ஷர் 1974 முதல் 1992 வரை, நடுவில் சில நாட்கள் தவிர, அப்படித்தான் வெளியுறவு அமைச்சராக இருந்தார். டெல்லியில் அந்தத் தாராளம் இல்லை. வாஜ்பாய் பாதுகாப்பை சமதா கட்சியின் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்குக் கொடுத்தார், வெளியுறவைக் கொடுக்கவில்லை. மன்மோகன் சிங் ஐந்தையும் காங்கிரஸிடமே வைத்துக்கொண்டார்.

சரி, அறைக்குள் இல்லாத கட்சி வெளியே நின்று மிரட்டுகிறது, அப்போது? அது போனால் ஆட்சி கவிழுமா, அதன் இடத்துக்கு வர ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

2008 அணுசக்தி ஒப்பந்தம்தான் இதற்குப் பாடப்புத்தகம். இடதுசாரிகள் சுமார் 60 எம்.பி.க்களோடு வெளியிலிருந்து ஆதரவு தந்துகொண்டிருந்தார்கள், அமெரிக்காவோடு ஒப்பந்தம் கூடாது என்றார்கள். அரசு என்ன செய்தது? 2007 செப்டம்பரில் ஒரு கமிட்டி போட்டது, பிரணாப் முகர்ஜி தலைமையில். நவம்பரில் ஒரு சமரசம்: வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையோடு பேசலாம், ஆனால் முடிவை கமிட்டிக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த அடி. பார்ப்பதற்கு இடதுசாரிகள் ஜெயித்த மாதிரி இருந்தது. கமிட்டி என்றால் பெரும்பாலும் காலம் வாங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று ஆளாக சமாஜ்வாதி கட்சி சம்மதித்ததும், 2008 ஜூலையில் ஜப்பான் போகும் விமானத்திலேயே பிரதமர் சீக்கிரம் முகமைக்குப் போகப்போகிறோம் என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். ஜூலை 8-ல் இடதுசாரிகள் ஆதரவை விலக்கினார்கள். 22-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு, அவைக்குள்ளேயே பா.ஜ.க. உறுப்பினர்கள் நோட்டுக் கட்டுகளைத் தூக்கிக் காட்டிய அந்தக் கூத்து நடந்த நாள், 275-க்கு 256 என்று அரசு தப்பியது. அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

2013 மார்ச் நமக்கு நன்றாக நினைவிருக்கும். ஜெனிவாவில், ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், இலங்கை மீதான தீர்மானத்தைக் கடுமையாக்கத் திருத்தம் வேண்டும், நாடாளுமன்றத்திலும் தீர்மானம் வேண்டும் என்று கேட்ட தி.மு.க., 19-ம் தேதி 18 எம்.பி.க்களோடு வெளியேறியது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளியிலிருந்து தாங்கியதால் அரசு அசையவில்லை. 21-ம் தேதி தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது, ஆனால் தி.மு.க. கேட்ட திருத்தங்கள் இல்லாமல். நாடாளுமன்றத் தீர்மானமும் வரவில்லை.

இங்கே ஒரு இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள். அழுத்தம் கட்சியிடமிருந்து வருகிறதா, மாநிலத்திடமிருந்து வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். அதே 2011 டாக்கா பயணத்தில் மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா கடைசி நேரத்தில் வர மறுத்ததால் தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் நின்றது. கூட்டணி நிர்ப்பந்தம் என்று எழுதித் தள்ளினார்கள். 2012-ல் அவருடைய திரிணமூல் கூட்டணியை விட்டே போய்விட்டது, 2014-ல் தனிப் பெரும்பான்மை ஆட்சியும் வந்தது, ஒப்பந்தம் மட்டும் வரவில்லை. தண்ணீர் மாநில விவகாரம், பேசியவர் முதலமைச்சர், அவ்வளவுதான். கொழும்பு காமன்வெல்த் மாநாடும் அப்படித்தான்: 2013 நவம்பரில் தி.மு.க. கூட்டணியிலேயே இல்லை, ஆனாலும் தமிழக சட்டமன்றமே புறக்கணிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டிருந்தது, மக்களவைத் தேர்தலுக்கு ஆறு மாதம்தான் இருந்தது. மன்மோகன் போகவில்லை, வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார்.

இப்போது நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். 2024-ல் பா.ஜ.க.வுக்கு 240, தெலுங்கு தேசம் 16, பீகாரின் ஐக்கிய ஜனதா தளம் 12. ஐந்து நாற்காலியும் பா.ஜ.க.விடம். பீகாரை மூழ்கடிக்கும் கோசி நதி நேபாளத்திலிருந்து வருகிறது, அங்கே அணை கட்டும் பேச்சு வருஷக்கணக்காக நகரவில்லை. அந்த ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் இதைச் சொல்லிவிட்டு, பீகாருக்குள்ளேயே கோசி-மேச்சி இணைப்பு உள்ளிட்ட 11,500 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்களுக்கு உதவி அறிவித்தார். காத்மாண்டுவோடு பேச வேண்டியதற்கு பாட்னாவில் காசு கொடுத்தாகிவிட்டது.